பயத்தின் ஏணியில் படிப்படியாக

"நெஞ்சு படபடக்குது, கை மரத்துப்போகுது, இதோ உயிர் போயிடும்னு தோணுது." இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு தடித்த ஃபைல் இருக்கும் என்கிறார் ஒரு மருத்துவ உளவியலாளர். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாமே நார்மல். இதய மருத்துவரே இவரிடம் அனுப்பிவைத்திருப்பார்.

சென்னையில் ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் அவருடைய அறை. இரண்டு நாற்காலிகள், சுவர்க் கடிகாரம், மேஜையில் டிஷ்யூ பெட்டி. சிகிச்சையின்போது வெளியாள் உட்கார முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. ஆகவே, இடைவேளையில் தன் வேலையை என்னிடமே செய்துகாட்டினார்.

மெல்லிய ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே நெஞ்சு இறுகி, காது அடைத்தது. "இப்ப பயம் எவ்வளவு? பூஜ்யத்துலேர்ந்து நூறுக்குள்ள சொல்லுங்க." அறுபது என்று விரலால் காட்டினேன். "இருக்கட்டும். அதோடவே கொஞ்சம் இருங்க."

பேனிக் தாக்குதலின்போது படபடப்பை மாரடைப்பு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணமே படபடப்பை மேலும் கூட்டுகிறது. உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கிய சுழல் இது. சென்னை உளவியலாளர் இதை நோயாளியின் கையில் பேனாவைக் கொடுத்து வரையவைக்கிறார். அதன் பிறகே ஸ்ட்ரா. படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்கே தெரியவைக்கும் பயிற்சி. ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்குவதில்லை.

பேருந்தில் ஏறவே அஞ்சி வேலையை விடவிருந்த ஒருவரைப் பற்றி, அடையாளம் மாற்றிச் சொன்னார். முதல் வாரம் நிறுத்தத்தில் நிற்பது மட்டும். அடுத்து, தம்பி துணையோடு ஒரு நிறுத்தம். பிறகு தனியாக. கடைசிப் படி, நெரிசல் நேரத்தில் ஜன்னலோரம் இல்லாத இருக்கை. "அவர் கேட்டது தைரியம் சொல்ற வார்த்தை. அதை வீட்டுலயே நிறைய பேர் சொல்லியாச்சே!"

உளவியலாளரின் இந்த நிதானம் பயிற்சியால் வந்தது. பெங்களூரில், பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆன மனநல நிறுவனத்தில், 1955இல் மருத்துவ உளவியல் டிப்ளமோ தொடங்கியது. அந்த மரபில் வந்த ஈராண்டு எம்.ஃபில். படிப்பைத்தான் இவரும் முதுகலைக்குப் பிறகு முடித்தார். மனநோய் வார்டுகளில் நோயாளியின் கதையை மணிக்கணக்கில் கேட்டு எழுதி, மூத்தவர்களிடம் திருத்தம் வாங்கிய காலம் அது. மருந்து எழுதும் அதிகாரம் இவருக்கு இல்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்.

சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு 'கவுன்சிலர்' பலகை மாட்டுவோரும் உண்டு. நொந்துபோன மனிதரைப் பயிற்சியில்லாத கையில் ஒப்படைப்பது கொடுமை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். யாரை அணுகுவதென்றே புரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.