கீழ் இலை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் எப்போதும் புளிச்சகீரை இருக்கும். அம்மாவுக்கு அது கோங்கூரா. தடாவுக்கு அந்தப் பக்கம் பிறந்து எளாவூரில் வாழ்க்கைப்பட்டவள். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா என்பதால் எங்கள் ஊரில் இது அதிசயமில்லை.

ஒருநாள் மழை விட்ட காலையில் முந்தானையில் இலைகளோடு இறங்கி வந்தாள். "கீழ் இலையெல்லாம் சேறு தெறிச்சுக் கெடந்துச்சு, கிள்ளிட்டேன்" என்று முறத்தில் கொட்டினாள். வழக்கமாகச் செய்வதுதான். தம்பி அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். முறத்தைப் பார்த்தான்.

"டேங்குக்குப் பின்னாடி இருந்ததையுமா கிள்ளின? மூணு வாரம்கூட ஆகலம்மா! இப்பவே கீழ் இலைய எடுத்தா அது எப்படி நிக்கும்?"

கீரைக்கு இவ்வளவு கோபமா என்று நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. முறத்திலிருந்து ஓர் இலையை எடுத்துக் கடித்தாள். புளிக்கவில்லை. வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்து, இலைகளைத் தனித்தனியாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பொட்டலத்தில் கிடந்த விதையை அவன் விளையாட்டாகப் போட்டானாம். அவன் பொட்டலம் வாங்குகிறான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மா ஏமாந்ததில் தப்பில்லை. இரண்டு செடியும் சின்ன வயதில் அப்படித்தான் ஏமாற்றும். முதலில் பிரிவில்லாத இலை, அப்புறம் மூன்று விரல், அப்புறம் ஐந்து. கோங்கூரா என்று நாம் சமைக்கும் கீரைகளில் ஒன்றுக்கு லின்னேயஸ் வைத்த பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ், அதாவது கஞ்சா மாதிரியான செம்பருத்தி. அதன் தண்டு நாருக்கு விசாகப்பட்டினம் பக்கத்துப் பீமுனிப்பட்டினத்தின் பெயரால் பிம்லி சணல் என்று பெயர். கஞ்சாவும் அதே விசாகப்பட்டினத்து மலைகளிலிருந்துதான் தேசிய நெடுஞ்சாலை 16 வழியாக இறங்குகிறது. 'எளாவூர் சோதனைச் சாவடியில் கஞ்சா பறிமுதல்' என்றுதான் எங்கள் ஊர் பேர் அடிக்கடி பேப்பரில் வரும். அம்மா கல்யாணமாகி வந்ததும் அதே ரோட்டில்தான்.

அன்று ராத்திரி போனில் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூத்த, காய்த்த நுனியை. நுனியோடு சேராத வெறும் இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. முறத்தில் இருந்தது கஞ்சா இல்லை என்று ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அடுத்த பிரிவு அதையும் பிடுங்கிக்கொண்டது. செடி வளர்ப்பது தனிக் குற்றம். 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாளியில் இருந்தது ஒரே ஒரு செடி.

சட்டத்தை மூடிய பிறகும் அவன் கத்தியதுதான் காதில் இருந்தது. அவன் சொன்னது சரிதான். எந்த இளஞ்செடியிலும் அடி இலைதான் பெரும்பாலும் வேருக்குச் சோறு போடுகிறது. மேல் இலைகள் தளிரைப் பார்த்துக்கொள்ளும். அடி இலை தானாகப் பழுத்தால், தன்னிடம் இருக்கும் நைட்ரஜனில் பெரும்பங்கை மேலே அனுப்பிவிட்டுத்தான் உதிரும். நாம் முந்திக்கொண்டு கிள்ளினால் அதுவும் நம் கையோடு வந்துவிடும். அம்மாவின் கோங்கூரா தாங்குவதற்குக் காரணம், நன்றாக வளர்ந்து கீழ்ப்பக்கம் நிழல் விழுந்த பிறகுதான் அவள் கை வைப்பாள். அன்றைக்கு மழையும் சேறும் அவளை அவசரப்படுத்திவிட்டன.

அப்பா போனபோது நான் காலேஜ் இரண்டாம் வருஷம். தம்பி பத்தாவது முடித்திருந்தான். யாராவது ஒருத்தர் படிப்பை நிறுத்த வேண்டும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் ஆளாகப் போனான். அப்போது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. காலையில் நான் மின்சார ரயிலுக்கு நடக்கும்போது அவன் எதிரே ஷேர் ஆட்டோவில் தூங்கிக்கொண்டே வருவான். எழுப்ப வேண்டாம் என்று பேசாமல் போய்விடுவேன். அப்படியே மூன்று வருஷம் பேசாமல் போயிருக்கிறேன். என் காலேஜ் ஃபீஸில் பாதி அந்தத் தூக்கம்.

"எப்பலேர்ந்துடா?" என்று கேட்டேன்.

"பகல்ல தூக்கம் வரலக்கா. அதப் போட்டா வருது."

மறுநாள் மாடி ஏறியபோது டேங்குக்குப் பின்னால் வாளி காலியாக இருந்தது. அம்மா பிடுங்கினாளா, அவனே பிடுங்கினானா என்று நான் கேட்கவில்லை. அவன் அதை விட்டுவிட்டானா? சில மாதம் விட்டான், அப்புறம் திரும்பவும் வாசனை வந்தது, இப்போது இல்லை. அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை கூட வந்தான். இரண்டாவது தடவைக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாளியில் அம்மா மறுபடியும் கோங்கூரா போட்டிருக்கிறாள். போன வாரம் மழை பெய்தது, கீழ் இலையெல்லாம் சேறு. அம்மா குனிந்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்த தம்பி சொன்னான்:

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா."

அம்மா இலையை விட்டுவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துவந்து சேற்றைக் கழுவினாள்.