கோட்டுச்சேரிமேட்டில் கேட்ட கேள்வி

காரைக்காலுக்கு வடக்கே, கடலோரமாக அமைந்த மீனவர் சிற்றூர் கோட்டுச்சேரிமேடு. ஒரு மாலைப்பொழுது நாம் அக்கரையில் நின்றுகொண்டிருந்தபோது, கிழிந்த வலையைச் சீர் செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார். மிக உயரத்தில் ஒரு விமானம் வெண்கோடு கிழித்துச் சென்றது.

“நம்ம ஊருலயும் பிளேன் எறங்கப்போவுதுன்னு சொன்னாங்களே, சாமி. என்னாச்சு?”

வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனை வழியனுப்ப ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் பிடித்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து திருச்சிக்குப் போய்வருகிறவர் அவர். இவ்வட்டாரத்தில் அத்தகைய குடும்பங்கள் பல. பிரான்சு நாட்டில் உறவினர் உள்ளவர்களும் குறைவல்லர். ஆகவே அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

புதிய விமான நிலையங்கள் அமைக்க மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்த ஊர்களின் பட்டியலில் காரைக்காலின் பெயரும் உண்டு. அதே பட்டியலில் இருந்த கண்ணூரில் 2018-ஆம் ஆண்டிலும், கோவாவின் மோப்பாவில் 2023-ஆம் ஆண்டிலும் விமானங்கள் இறங்கத் தொடங்கின. காரைக்காலில் இன்றளவும் இறங்கவில்லை. இதனை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிடலாமா? நம் மாநிலத் தலைநகரின் கதையை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லத் தயங்குவார்கள்.

புதுச்சேரியில் 2013 சனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்டு, பெங்களூருக்கு விமானம் பறந்தது. ஓராண்டு கழிந்ததும் நின்றது. 2015-இல் மற்றொரு நிறுவனம் வந்து, சில திங்களில் விடைபெற்றது. 2017-இல் ஐதராபாத்துக்குப் பறக்கத் தொடங்கிய சேவை 2020-இல் பெருந்தொற்றால் நின்று, 2022-இல் மீண்டு, 2024 மார்ச்சில் மறுபடியும் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் வேறொரு நிறுவனம் சிறு விமானத்துடன் வந்தது. சேலமும் இவ்வாறே பலமுறை திறந்து மூடிய கதவுதான்.

காரணம் புரியாத மருமம் அன்று. நாளொன்றுக்கு ஒரு விமானம் வந்தாலும் பத்து வந்தாலும் தீயணைப்பு வண்டி ஆயத்தமாக நிற்கத்தான் வேண்டும். காவலரும் கட்டுப்பாட்டு அறையினரும் சம்பளம் பெறத்தான் வேண்டும். எழுபது, எண்பது பேர் ஏறும் சிறு விமானம் பாதி காலியாகப் பறந்தால் அச்செலவை யார் சுமப்பது? இதற்காகவே மத்திய அரசு 2016-இல் ‘உடான்’ திட்டத்தை வகுத்தது. சில இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு விதித்து, அதனால் வரும் இழப்பை மூன்றாண்டுக் காலம் ஈடுசெய்வது அதன் வழி. நோக்கம் நல்லது. ஆயினும் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறுவதைக் கேளுங்கள்: முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களுள் 403 தொடங்கப்படவே இல்லை. மூன்றாண்டையும் நிறைவு செய்தவை 112. அதன் பின்னரும் 2023 மார்ச்சில் பறந்துகொண்டிருந்தவை 54 மட்டுமே.

எனினும் சிறு விமான நிலையமே வீண் என்று நாம் கூறவில்லை. இலட்சத்தீவின் அகத்தியில் 1988-இல் அமைந்த குறுகிய ஓடுதளம் இல்லையேல், கொச்சிக்கு வர அத்தீவினர்க்குக் கப்பலே கதி. யாழ்ப்பாணத்துப் பலாலியில் 2019-இல் சென்னை விமானம் இறங்கியபோது, கொழும்புக்குப் போய் அங்கிருந்து நாள் முழுதும் வடக்கே பயணம் செய்த மக்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பர்! கடல் குறுக்கிடும் இடத்தில் அரசு ஆண்டுதோறும் நட்டமேற்றுப் பறக்கவிட்டாலும் அது தகும். சாலையும் இரயிலும் உள்ள இடத்தில் அதே நியாயத்தைச் சொல்வது கடினம்.

அன்றியும் நம்முடையது கடைமடை. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரே உடைய காரைக்காலில், வயலும் வாய்க்காலும் போக மிஞ்சுவது எவ்வளவு? கொச்சி விமான நிலையம் 2015-இல் முழுவதும் சூரிய மின்சாரத்தால் இயங்கத் தொடங்கி உலகப் புகழ் பெற்றது. அதே நிலையம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. மின்சாரத்தை வெயிலிலிருந்து பெறலாம். நீர் வடியும் வழியை அடைத்துவிட்டால் அதற்கு மாற்று ஏது? மேட்டில் ஓடுதளம் போட்டால் அந்நீர் யார் வீட்டு வாசலில் தேங்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

தஞ்சையில் விமானப்படையின் நீண்ட ஓடுதளம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் பயணிகள் முனையம் எழுந்தால் காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி அனைத்துக்கும் அது போதும் என்பது நம் எண்ணம். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு வந்த இரயில் பாதை 1980-களில் கைவிடப்பட்டு, இப்போது மறுபடியும் போடப்பட்டிருக்கிறது. கைவிட்டதை மீண்டும் அமைக்க ஒரு தலைமுறையே ஆயிற்று.

இவற்றையெல்லாம் நம்மால் இயன்ற அளவு முதியவருக்கு எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப, அடுத்த வருசம் மவன் வர்றப்பவும் திருச்சிதான்னு சொல்லுங்க” என்று கூறி, மறுபடியும் வலையின் மீது குனிந்தார்.