இடாப்பில் 38 பெயர்கள்

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. உடுவில் மகளிர் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் இந்தச் சபையில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். 1824இல் தொடங்கிய எங்கள் கல்லூரிக்கு 2024இல் இருநூறு வயது. அதற்குள் எங்கள் வகுப்புத் தோழிகளை ஒன்றுசேர்த்தால் என்ன? வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்க ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தோம்.

அன்றைய ஆராதனை ஒழுங்குத் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதத் தொடங்கினோம். எங்களில் ஒருவருக்கு வகுப்பு இடாப்பு இன்னும் மனப்பாடம். ரீச்சர் கூப்பிடும் அதே இராகத்தில் அவர் சொல்லச் சொல்ல மற்ற இருவரும் சிரித்துக்கொண்டே எழுதினோம். வகுப்பில் 38 பேர் என்பது மூவருக்கும் நிச்சயம். ஆனால் எழுதி முடித்தபோது 36 பெயர்களே இருந்தன. இரண்டு இடங்களை வெறுமையாக விட்டோம்.

இங்கே பிறந்த தம்பி தங்கைகளுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் அல்ல. சின்ன வகுப்பிலிருந்து உயர்தரம் வரை படிக்கிற பள்ளிக்கூடம். நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் 1995. அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொட்டும் மழையில், இலட்சக்கணக்கான சனத்தோடு செம்மணி வழியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு பலர் ஊர் திரும்பினார்கள். பலர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார்கள். எங்கள் வகுப்பு பிரியாவிடை சொல்லிப் பிரிந்த வகுப்பு அல்ல. நாளைக்குக் காண்போம் என்று சொல்லிப் போனவர்கள்தான் நாங்கள்.

ஆட்களைத் தேடுவது ஐந்து நிமிட வேலையாக இருக்கவில்லை. பெண்களுக்குக் கல்யாணத்தோடு பெயர் மாறிவிடுகிறது. அப்பாவின் பெயரோடு தேடினால் கிடைக்கமாட்டார்கள். கணவனின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கடைசியில் மரண அறிவித்தல்கள்தான் உதவின. நம்முடைய மரண அறிவித்தல்களில் பிள்ளைகள், மருமக்களின் பெயர்களோடு அவர்கள் இருக்கும் நாடும் இருக்கும் அல்லவா? தோழியின் அப்பா இறந்த செய்தியைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து அவள் நோர்வேயில் இருப்பதை அறிந்தோம். முப்பது வருடத்துக்குப் பிறகு தொலைபேசியில் முதல் வார்த்தையாகத் துக்கம் விசாரிக்க வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் இலண்டன், பாரிஸ், ஒஸ்லோ, மெல்பேண், கொழும்பு, சுன்னாகம் என்று 22 பேர் சேர்ந்துவிட்டோம். படங்கள் வந்து குவிந்தன. பிள்ளைகளின் பட்டமளிப்பு, புது வீடு, இருபதாவது கல்யாண நாள். ஒருநாள் எங்களில் ஒருவர் சாட்சியாக நீளமாக எழுதினார். மழையில் நடந்த அந்த இரவிலிருந்து கனடா வந்து சேர்ந்தது வரை, ஒவ்வொரு ஆபத்திலும் கடவுள் எப்படிக் காப்பாற்றினார் என்று. வரிசையாக ஆமென் விழுந்தது. சைவத் தோழிகளும் கைகூப்பும் படம் போட்டார்கள்.

அந்தக் கிழமைதான் 23ஆவது ஆள் சேர்ந்திருந்தாள். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து. வகுப்பில் கணக்குக்குக் கெட்டிக்காரி; எங்கள் மூவருக்கும் கணக்குக் கொப்பி தந்தவள். "எல்லாருக்கும் வணக்கம்" என்று ஒரு வரி எழுதினாள். நாலாம் நாள் குழுவை விட்டுப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடிப் பிடித்தோமே, ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாளே என்று. ஒரு மாதம் சும்மா இருந்தோம். பிறகு மூவரும் ஒரு வீட்டில் கூடி, ஒரே தொலைபேசியில் அவளுக்கு அழைப்பு எடுத்தோம்.

"நான் கோவிச்சுக்கொண்டு போகேல்லை," என்றாள். "நீங்கள் போட்ட படமெல்லாம் பாத்தனான். பிள்ளையள் வடிவா வளந்திருக்குதுகள். ஆனா கடவுள் காப்பாத்தினவர் எண்டு ஒராள் எழுத, மற்றாக்கள் எல்லாரும் ஆமென் போட்டியள். அப்ப 2009இல என்ர மூத்தவனைக் காப்பாத்த அவர் மறந்துபோனாரோ?"

மூத்தவனுக்கு ஆறு வயது. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்களில் ஒருவருக்கு ஒரு வசனம் நாக்கு நுனி வரை வந்தது. மற்றவர் கையைப் பிடித்து அமர்த்தினார். யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர் மூவரும் முதலில் ஏழு நாள் அவனோடு தரையில் இருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். வாய் திறந்த பிறகுதான் பிழைத்துப் போனார்கள். நாங்களும் மூன்று பேர். அந்தப் பேசாமல் இருந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது, தேநீர் ஆறிப்போயிருந்தது.

கடவுளுக்கு நன்றி சொன்னது பிழை என்று நாங்கள் இப்போதும் நினைக்கவில்லை. எங்களுக்கு உயிர் தந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை யார் முன்னால் சொல்கிறோம், அவள் எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டோமா? அவளைத் தேடியபோது அவளைத் தேடினோமா, 38 என்ற எண்ணிக்கையை நிரப்பத் தேடினோமா? அவள் வந்து நாலு நாளில் ஒருவர்கூடத் தனியாக அழைத்து "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கவில்லை. 22 பேர் இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "ஆர் ஆரைக் கண்டுபிடிச்சியள்? அந்த இடாப்பை வாசியுங்கோ பாப்பம்."

வாசித்தோம். பழைய ஒழுங்கிலேயே. ஒவ்வொரு பெயருக்கும் அவள் ஏதோ சொன்னாள். இவள் வெள்ளிக்கிழமைகளில் தோசை கொண்டுவருவாள். அவள் மேடையில் வசனம் மறந்து அழுதாள். எங்கள் மூவருக்கும் ஞாபகம் வராத அந்த இரண்டு பெயர்களையும் அவள்தான் சொன்னாள். ஒருத்தி விசுவமடுவில் இருக்கிறாள். மற்றவள் 2009இல் போய்விட்டாள். அவளுக்கு மகனோடு ஒரே கிழமையில் நடந்ததாம்.

நாங்கள் மறந்துபோன இருவரும் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவர்கள்; எந்தப் போட்டியிலும் பரிசு வாங்காதவர்கள். நூறு ஆடுகளில் ஒன்று குறைவது மேய்ப்பனுக்குத் தெரிந்தது, அவன் ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருந்ததால்தான். நாங்கள் எண்ணி வைத்திருக்கவில்லை. அவள் வைத்திருந்தாள்.

அவள் இன்னும் குழுவில் திரும்பச் சேரவில்லை. வா என்று நாங்களும் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை இரவு இங்கே ஒன்பது மணி என்றால் கோடைகாலத்தில் அங்கே ஞாயிறு காலை ஆறரை. மாதத்தில் ஒருமுறை அந்த நேரத்தில் அழைக்கிறோம். மழை, நெல்லு விலை, சின்ன மகளின் கணக்குப் பாடம் என்று பேசுவோம். அவள் தன் மூத்தவனைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருப்போம். குழுவிலும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. புதிதாக ஒருவர் சேர்ந்தால், படம் போடுவதற்கு முன் எங்களில் ஒருவர் அவரைத் தனியாக அழைத்து விசாரிக்க வேண்டும்.

இந்த வருடம் பள்ளிப்படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகளே, உங்கள் வகுப்பு நண்பர்கள் எல்லோரும் இப்போது உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கிறார்கள். அதனால் அவர்கள் தொலையமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவரிடம் கடைசியாக எப்போது சுகம் விசாரித்தீர்கள்?

எங்கள் இடாப்பில் 38 பெயர்கள். 31 பேரோடு பேசிவிட்டோம். மூவர் உயிரோடு இல்லை. நால்வரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. உங்கள் அம்மா, சித்தி, மாமி யாராவது 1995இல் உடுவிலில் சாதாரண தரம் படித்தவர்கள் என்றால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் எங்களிடம் வந்து சொல்லுங்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில்தான் நிற்போம்.