கிழக்குச் சீமைப் பயணம் – 5: எரிந்த சந்தையின் மேல் எழுந்த மால்

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், கோயில் மதிலை ஒட்டியே பகோடா ஸ்திரீட் தொடங்குகிறது. நம் கோபுரத்தை வைத்துத்தான் தெருவுக்கு அந்தப் பெயர். மதிலின் மறுபக்கம் ஓடுவது டெம்பிள் ஸ்திரீட். சிங்கப்பூர் சைனாடவுனின் நட்டநடுவில் இப்படி ஓர் அம்மன் கோயில் இருப்பது முதன்முறை போகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கணக்கைப் பார்த்தால் ஆச்சரியத்துக்கு இடமில்லை. 1819-இல் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ராஃபிள்ஸ் வந்த கப்பலிலேயே பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, இங்கே செங்கல் சூளை போட்டு, கட்டட ஒப்பந்தம் எடுத்து முன்னுக்கு வந்தவர். 1827-இல் மரமும் கீற்றும் கொண்டு அவர் எழுப்பிய கோயில் 1843-இல் செங்கல் கட்டடமானது. அதே சாலையில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசல் 1826-இலேயே தொடங்கிவிட்டது. 1822-இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டு, ஆற்றுக்குத் தென்மேற்கே கிடந்த இந்த இடத்தைச் சீனர்களுக்கென்று பிரித்துக் கொடுத்திருந்தார். காகிதத்தில் கோடு போட்டாரே தவிர, குடியேறியவர்கள் கலந்துதான் வாழ்ந்திருக்கிறார்கள்.

கூட வந்தவன் சித்தப்பா மகன். சின்னமனூர்ப் பையன், ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை. "தெரு எப்படிண்ணே இருக்கு?" என்றான். அழகாக இருந்தது. பச்சையும் ரோஜா நிறமுமாகப் பூசிய மாடிக் கடைவீடுகள், மர ஜன்னல்கள், அடியில் இங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்று சொல்லும் நிழல் நடைபாதை. 1983-இல் தெருக்கடைக்காரர்களை எல்லாம் ஸ்மித் ஸ்திரீட்டில் கட்டிய சைனாடவுன் காம்ப்ளெக்ஸுக்குள் மாற்றினார்கள். 1989-இல் இந்த வட்டாரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். வீடுகள் தப்பின. ஆனால் அவற்றில் குடியிருந்தவர்கள் இல்லை. இப்போது அங்கே காந்தப் பொம்மை, சாவிக்கொத்து, மூன்று வாங்கினால் பத்து வெள்ளி என்று பட்டுப் பை. வாங்குவோரும் என்னைப் போல வெளியூர்க்காரர்கள். பத்து நிமிடத்தில் தெரு முடிந்துவிட்டது.

தெருக்கோடியில் நியூ பிரிட்ஜ் சாலையையும் யூ தோங் சென் சாலையையும் தாண்ட ஒரு மேம்பாலம். அதன் மறுமுனையில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டடம் நிற்கிறது. பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ். சுற்றுலாக் கையேடுகளில் அரை வரிக்கு மேல் வராத இடம். இந்த வாரம் நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான். பழைய சைனாடவுனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், பூசி மெழுகிய தெருக்களை விட்டுவிட்டு இந்த மாலுக்குள் போக வேண்டும் என்று நான் மனமார நம்புகிறேன்.

இந்த இடத்தின் கதையைக் கேளுங்கள். பேர்ல்ஸ் ஹில் என்னும் சிறு குன்றின் அடிவாரத்தில் திறந்தவெளிச் சந்தை ஒன்று இருந்தது. துணிக்கடை, சாப்பாட்டுக்கடை, சில்லறைச் சாமான் என்று சைனாடவுனின் ஏழை எளியவர்கள் புழங்கிய இடம். 1966 டிசம்பர் 24-ஆம் தேதி தீப்பிடித்து எரிந்தது. சிங்கப்பூர் தனி நாடாகி அப்போது ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. நகரத்தை அடியோடு புதுப்பிக்கக் கிளம்பிய அரசு, மறு ஆண்டே நிலங்களைத் தனியாருக்கு ஏலம் விடும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் முதல் வரிசையில் போனது எரிந்த சந்தையின் மனை. வரைபடம் போட்டவர்கள் வில்லியம் லிம், டே கெங் சூன், கோ சியோ சுவான் ஆகிய மூன்று உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள். டே கெங் சூனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கீழே கடைகளுக்கு ஆறு மாடி, அதன் மேல் குடியிருப்புக்கு 25 மாடி, ஆக 31 மாடி. 1973-இல் முழுக் கட்டடமும் முடிந்தது. மாலும் அடுக்குமாடி வீடுகளும் ஒரே கட்டடத்தில் என்பது இன்று எல்லா ஊரிலும் நடக்கிறது. அன்று தென்கிழக்கு ஆசியாவில் அது புதிது.

உள்ளே போனதும் அவர்கள் நினைத்தது என்னவென்று புரிந்துவிடுகிறது. நடுவில் பல மாடி உயரத்துக்குத் திறந்த ஒரு பெரிய முற்றம். அதைச் சுற்றி நடைபாதைகள், ஓரங்களில் சிறு சிறு கடைகள், முற்றத்தின் தரையிலும் தட்டிகளும் மேசைகளும் போட்ட கடைகள். நகரத்துக்கு ஒரு கூடம் வேண்டும், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி ஆட்கள் கூடிப் பேச வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டியிருக்கிறார்கள். மற்ற மால்களில் இருக்கும் ஆளை உறைய வைக்கும் அமைதி இங்கே இல்லை. கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறவர், பெட்டி விற்பவர், தங்க நகைக்காரர், பாதம் பிடித்துவிடும் கடையின் வாசலில் நின்று கூப்பிடும் அம்மாள், சீனாவுக்கு விமானச் சீட்டு போடும் முகவர், ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டரின் நீண்ட வரிசை. மேல் மாடியிலிருந்து வற்றல் மிளகாயும் சிச்சுவான் மிளகும் காயும் நெடி. ஹாட்பாட் கடை ஒன்றின் வாசலில் மசாலாக்களைத் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தார்கள். போடி ஏலக்காயைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அதில் ஒன்று உடனே தட்டுப்பட்டது. அரை விரல் நீளம், கருப்பு நிறம், முகர்ந்தால் புகை வாசம். அவர்கள் கறிக்குழம்புக்குப் போடும் பெரிய ஏலக்காய். ஏலம் எடுக்க விடிகாலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் போகும் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இதைக் காட்டினால், "இது எந்த மலையில காய்க்குது?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் சீனாவிலிருந்து கட்டட வேலைக்கும் உணவகங்களுக்கும் வந்தவர்கள். சிமெண்ட் படிந்த காலணி, தோளில் பை, காதில் கைப்பேசி, மறுமுனையில் பிள்ளையோ மனைவியோ. தம்பி ஒரே வரியில் சொல்லிவிட்டான்: "நமக்கு லிட்டில் இந்தியாவில தேக்கா எப்படியோ, இவங்களுக்கு இது அப்படிண்ணே." நூறாண்டுக்கு முன்னால் இதே வட்டாரத்தின் அஞ்சடிகளில் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிகளும், தலையில் சிவப்புத் துணி கட்டிக் கட்டட வேலை செய்த சம்சுய் பெண்களும் அவர்களிடம் சொல்லி எழுத வைத்து, சம்பாதித்ததில் ஒரு பங்கைச் சேர்த்து ஊருக்கு அனுப்பினார்கள். மாலின் வாசலில் ஓடும் சாலைக்குப் பெயர் கொடுத்த யூ தோங் சென்னின் குடும்பத்து மருந்துக் கடையான யூ யான் சாங், 1879-இல் பேராக்கில் கோபெங் என்ற ஊரில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கியது. மருந்து விற்றதோடு அவர்கள் பணத்தை ஊருக்கு அனுப்பும் வேலையையும் செய்தது. கடிதம் எழுதுகிறவர்கள் போய்விட்டார்கள். பணம் அனுப்பும் வரிசை மட்டும் மேம்பாலம் தாண்டி இந்த மாலுக்குள் வந்து நிற்கிறது.

இரண்டாம் மாடியில் ஒரு டீக்கடை. கடை என்றால் காய்ச்சிக் கொடுக்கிற கடை அல்ல, இலை விற்கிற கடை. எட்டடிக்கு எட்டடி இருக்கும். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். உரிமையாளர் ஃபுஜியான் மாகாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். நான் தேயிலை மலையடிவாரத்திலிருந்து வருகிறவன் என்று தம்பி அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னதும் உட்காரச் சொல்லிவிட்டார். ஆன்சி பக்கத்து ஊலோங் தேயிலையை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கரும்பச்சையில் மிளகை விடச் சற்றுப் பெரிய உருண்டைகள். மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டு, கொதிநீரை ஊற்றி, உடனே வடித்துக் கீழே கொட்டினார். இரண்டாவது தண்ணீர்தான் குடிக்க. வைக்கோல் நிறம், துளி கசப்பு இல்லை, விழுங்கிய பிறகு தொண்டையில் ஏறும் ஒரு பூ வாசம். அதே இலையில் நாலைந்து முறை ஊற்றினார். ஒவ்வொரு முறையும் சுவை கொஞ்சம் மாறியது.

எனக்கு இலையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேட்டதும் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டில் கொட்டினார். உருண்டைகள் எல்லாம் முழு முழு இலையாக விரிந்து கிடந்தன. கொழுந்து இல்லை, முற்றிய இலை! மேகமலையிலும் மணலாறு, வெண்ணியாறு எஸ்டேட்டுகளிலும் இரண்டு இலையும் குருத்துமாகக் கிள்ள வேண்டும் என்பது பாலபாடம். கூடையில் முத்தல் இலை கலந்திருந்தால் எடை போடும் இடத்தில் ஏச்சு விழும். ஊலோங்குக்கு இலை விரிந்து முற்றினால்தான் இந்த வாசம் வரும் என்று அவர் கையசைத்துப் புரியவைத்தார். பிறந்ததிலிருந்து தேயிலையைப் பார்த்து வந்திருக்கிறேன். நாங்கள் குடித்ததெல்லாம் குருணையாக நொறுக்கிய தூளைப் பாலில் கொதிக்கவிட்ட டீ. ஒரு முழு இலை தண்ணீரில் விரிவதை அந்த மாலில்தான் பார்த்தேன்.

சீனர்களும் நம் மலைகளும் சம்பந்தப்பட்ட இன்னொரு பழைய கதை அங்கே உட்கார்ந்திருக்கையில் நினைவுக்கு வந்தது. 1825-லிருந்து இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றி வந்து சாலை போடவும் கட்டடம் கட்டவும் வைத்தது கும்பினி அரசு. 1862-இல் அபிஷேகம் செய்யப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கைவேலை. அதே காலத்தில் எதிர்த்திசையிலும் கப்பல் போனது. மலாய்க் கரையோரக் குடியேற்றங்களில் தண்டிக்கப்பட்ட சீனர்களை மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலரை நீலகிரியில் நடுவட்டம் சிங்கோனாத் தோட்டங்களில் வேலைக்கு விட்டார்கள். விடுதலையான பின் சிலர் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, குடும்பம் நடத்தினார்கள். மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இவர்கள் சிறைக்கு அவர்கள், அவர்கள் சிறைக்கு இவர்கள் என்று மாற்றி அனுப்பிய ஆட்சி இரண்டு மண்ணிலும் ஒரே கூலியில்லாக் கையைக் கொண்டு வேலை வாங்கிக்கொண்டது.

பீப்பிள்ஸ் பார்க் கட்டடம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. மற்ற மால்களில் கட்டடம் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும். வாடகை ஏறும், சிறு கடை வெளியேறும், எங்கு பார்த்தாலும் காணும் அதே பத்துப் பெயர்ப்பலகைகள் உள்ளே வரும். பீப்பிள்ஸ் பார்க்கில் ஒவ்வொரு கடையையும் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். எட்டடிக் கடைக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். அதனால்தான் கடிகாரம் பழுதுபார்ப்பவரும் மருந்து வேர் விற்பவரும் நகரத்தின் நடுவில் காலூன்றி நிற்க முடிகிறது. 2018-இல் உரிமையாளர்கள் சேர்ந்து 130 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்குக் கட்டடத்தை விற்க முயன்றார்கள். இப்படி மொத்தமாக விற்க 80 விழுக்காட்டுப் பங்குதாரர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். விற்பனை நடக்கவில்லை. இதே காலத்தில் குன்றின் மேல் நின்ற பேர்ல் பேங்க் என்ற குதிரை லாட வடிவக் குடியிருப்பு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது.

எனக்குத் தேனி வாரச்சந்தை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை கூடும் அந்தச் சந்தையில் பூண்டுக்காரரும் கருவாட்டுக்காரரும் மண்சட்டிக்காரரும் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊர்களிலும் பழைய சந்தையை இடித்து வணிக வளாகம் கட்டும் பேச்சு அடிக்கடி எழுகிறது. கட்டட உயரத்தையும் வண்டி நிறுத்தும் இடத்தையும் பற்றித்தான் விவாதிக்கிறோம். சாக்கு விரித்தவருக்கு எட்டடி சொந்தமாகக் கிடைக்குமா, வாடகைக்கா, வாடகை என்றால் யார் கையில் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். மாலுக்கு நான் எதிரியில்லை. எரிந்த சந்தையின் மேல் எழுந்த மாலே ஐம்பதாண்டாகச் சந்தையாக நடக்கிறதே.

போகிறவர்களுக்கு: ஊதா வழித்தட ரயிலில் ஏறிச் சைனாடவுனில் இறங்குங்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் போனால் முற்றம் நிறைந்திருக்கும். கடைகள் காலையில் மெதுவாகத்தான் திறக்கின்றன. தேயிலை வாங்க நினைத்தால் மாஸ்க் ஸ்திரீட்டில் 1925-இலிருந்து நடக்கும் பெக் சின் சூன் கடையும் இருக்கிறது. இன்றும் கையால் தாளில் பொட்டலம் கட்டுகிறார்கள். ஃபுஜியான்காரரிடம் நூறு கிராம் வாங்கினேன். "இதுக்குப் பால் ஊத்தக் கூடாதுன்னு எங்க அம்மாகிட்ட சொல்லிருங்கண்ணே" என்று தம்பி ரயில் ஏறும்வரை நினைவூட்டினான்.

அடுத்த வாரம் தெலுக் ஆயர் தெரு. ஒரே தெருவில் நாகூர் தர்காவும், கடல் தெய்வத்துக்கு ஹொக்கியன் சீனர்கள் எழுப்பிய தியான் ஹாக் கெங் கோயிலும்.