தண்ணி எந்த வழியா வந்துச்சு?

மே 21, அக்கரைப்பேட்டை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடுவையாற்றில் லாஞ்சுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. எஞ்சினை ஒருதரம் போட்டுப் பார்ப்போம் என்று கீழே இறங்கிய மாமா, ஆயில் ஸ்டிக்கை உருவியதும் ஸ்டார்ட் பண்ணாமல் மேலே ஏறி வந்துவிட்டார். ஆயில், டீக்கடைப் பால் டீயின் நிறத்தில் இருந்தது. அளவும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது.

கரையில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது: "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு. ஹெட்டைக் கழட்டு." சொன்னவர்களில் ஒருவர்கூட எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணன் வந்தார். "தம்பி, ஸ்டார்ட்டரை யாரும் தொடாதீங்க" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது. தண்ணீர் பிஸ்டனுக்கு மேலேயும் நின்றிருந்தால் இன்னும் மோசம். காற்றைப் போல அது அமுங்கிக் கொடுக்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினார். எதுவும் பீய்ச்சவில்லை.

மே 22

ஆயில் வெள்ளையானால் தண்ணீர் வந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எந்த வழியாக வந்தது என்பதுதான் வேலை. அண்ணன் வழிகளை இரண்டாகப் பிரிக்கிறார்.

முதலாவது, கடல் தண்ணீர். எஞ்சின் கியரில் ஓடும் கடல் தண்ணி பம்பில் தண்ணீருக்கு ஒரு சீல், ஆயிலுக்கு ஒரு சீல். இரண்டுக்கும் நடுவில், அடிப்பக்கம் சின்ன ஓட்டை. தண்ணி சீல் போனால் அந்த ஓட்டை வழியே சொட்டி நமக்குச் சேதி சொல்லும். பெயின்டோ உப்போ அதை அடைத்திருந்தால் தண்ணீர் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். சைலன்சருக்குள் கடல் தண்ணீரைப் பாய்ச்சும் படகுகளில் அந்த வழியும் உண்டு. எங்களுடையது மேலே போகும் வெறும் புகைக்குழாய். வந்தால் மழைத் தண்ணீர்தான் வரவேண்டும், அதற்கும் தகர டப்பா கவிழ்த்திருக்கிறோம்.

இரண்டாவது, ஹெட்டர் டேங்கில் ஊற்றி எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் நல்ல தண்ணீர். ஹெட் கேஸ்கெட், ஹெட்டில் கீறல், லைனரின் அடியில் இருக்கும் ஓ-ரிங், ஆயில் கூலர். இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

படகு சும்மா நிற்கும்போது காற்றின் ஈரம் படிந்தும் வெள்ளை வரும். ஆனால் அது ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கில் அளவை ஏற்றாது.

மே 23

ஆயில் உறிஞ்சும் கைப்பம்பின் குழாயை ஸ்டிக் துளை வழியாக, ஆயில் தங்கும் சம்பின் அடிவரைக்கும் இறக்கினோம். எஞ்சின் நின்றே கிடந்ததால் கனமான தண்ணீர் அடியில் தங்கியிருந்தது. முதலில் அதுதான் வந்தது, கலங்கலாக. நான் விரலில் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டார். "கூலன்ட் இருந்தா அது இனிக்கும் தம்பி. இனிக்கிற விஷம்."

ஸ்டவ்வைப் பற்றவைத்து மூன்று எவர்சில்வர் கரண்டி வைத்தார். ஒன்றில் முகத்துவாரத் தண்ணீர், ஒன்றில் ஹெட்டர் டேங்கில் ஊற்றும் போர் தண்ணீர், ஒன்றில் சம்ப் தண்ணீர். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கரண்டி காய்ந்தாலே தெரிந்துவிடும். முதல் கரண்டியில் கெட்டியாக வெள்ளைப் படிவு. மற்ற இரண்டிலும் லேசான சாம்பல் கறை, சம்ப் தண்ணீரில் மட்டும் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. போர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்ததுதான் சூட்சுமம். இந்த ஊர்த் தண்ணீரில் இயல்பாகவே உப்பு உண்டு. அது தெரியாவிட்டால் லேசான கறையைப் பார்த்துக் கடல் தண்ணீர் என்று பம்பைப் பிரித்திருப்போம்.

கடல் தண்ணி பம்ப் தப்பித்தது.

மே 25

ஹெட்டர் டேங்க் மூடியைத் திறந்தால் தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தது. விளிம்பைச் சுற்றி வெண்ணிறப் பசை. தண்ணீரின் மேல் ஆயில் மினுமினுப்பு. ஆக, தண்ணீர் ஆயிலுக்குள் போனதோடு, ஆயிலும் தண்ணீருக்குள் வந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் அண்ணன் பீடியைப் பற்றவைத்து நிதானமாக உட்கார்ந்தார். லைனர் ஓ-ரிங் கசிந்தால் தண்ணீர் சம்புக்குள் இறங்கும், அவ்வளவுதான். அங்கே ஆயிலுக்குப் பிரஷர் கிடையாது, அது தண்ணீருக்குள் ஏற முடியாது. கூலர் அப்படியல்ல. எஞ்சின் ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 கிலோ. தண்ணீர் பிரஷர் ஒரு கிலோவுக்கும் கீழே. குழாயில் ஓட்டை இருந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் பிரஷர் சுழிக்கு வந்துவிடும். சுடுதண்ணீர் மட்டும் மூடிக்குள் அழுத்தத்தோடு நிற்கும். இப்போது தண்ணீரின் முறை.

கேஸ்கெட்டில் ஆயில் வழியும் தண்ணி வழியும் ஒன்று சேர்ந்தாலும் இதே அடையாளம் வரலாம். "கூலரைக் கழட்ட ஒரு காலைப்பொழுது. ஹெட்டைக் கழட்டினா வாரம் போயிரும். எது லேசோ அதை முதல்ல பார்ப்போம்."

மே 27

கூலரைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனோம். தண்ணீர்ப் பக்கத்தைத் திறந்தே விட்டு, ஆயில் பக்கத்தை அடைத்து 4 கிலோ காற்று ஏற்றி, டியூப் பார்க்கும் தொட்டியில் அமுக்கினோம். ஒரு குமிழிகூட வரவில்லை. கூட வந்தவர்கள், "அப்பவே சொன்னோம்ல, ஹெட்டுதான்" என்று ஆரம்பித்தார்கள்.

அண்ணன் டீக்கடையிலிருந்து கொதிக்கும் தண்ணீர் வாங்கிவந்து டிரம்மில் ஊற்றினார். சூட்டில் உலோகம் விரியும். குளிரில் மூடிக்கிடக்கும் கீறல் அப்போதுதான் வாய் திறக்கும். கூலரை மறுபடி இறக்கிக் கொஞ்சம் பொறுத்தோம். தண்ணீர்ப் பக்கத்து வாயிலிருந்து பொடிக் குமிழிகள் கோடாக ஏறின. நிற்கவே இல்லை.

மூடித் தட்டைப் பிரித்தபோது குழாய் முனைகளில் குண்டூசி குத்தியதுபோலப் பள்ளங்கள். கடல் தண்ணீர் இந்தக் குழாயைத் தொட்டதே இல்லை. இதை அரித்தது ஹெட்டர் டேங்கில் ஊற்றிய போர் தண்ணீர். துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. துறைமுகத்தில் பல லாஞ்சுகளில் கூலன்ட் கேன் பக்கத்திலிருந்தும், ஊற்றுவது பைப் தண்ணீரைத்தான்.

ஜூன் 5

புது கூலர், புது ஃபில்டர். விலை குறைந்த ஆயில் ஊற்றி, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி இறக்கினோம், இன்னும் வெளுப்பு. ராக்கர் கவரைக் கழற்றி ஒட்டியிருந்த வெள்ளையை வழித்துவிட்டு மறுபடி மாற்றினோம். தெளிந்தபிறகு அண்ணன் ஒரு சொட்டை எடுத்துச் சூடான தகரத்தில் விட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு தண்ணீர் இருந்தாலும் அது படபடவென்று பொரியும். சத்தமில்லாமல் புகைந்தது.

ஜூன் 9

ஹெட்டர் டேங்கில் கைப்பம்பால் காற்றேற்றி இரவு முழுக்க விட்டோம். காலையில் பிரஷர் முள் அதே இடத்தில் நின்றது. கேஸ்கெட்டின் மேல் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

மாமா எஞ்சின் அறைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்: "ஸ்டிக்கைக் காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன் பார்." இதுவரை கரைக்கு வந்ததும், எஞ்சின் நின்ற கையோடுதான் பார்ப்போம். தண்ணீர் இறங்குவது அதற்குப் பிறகுதான்.