அம்பாசிடரும் அரையடி ட்யூபும்

அப்பா விட்டுட்டுப் போன அம்பாசிடரை போன மாசம் மணமேல்குடியிலிருந்து ஈசிஆர்ல ஓட்டிட்டு வந்தேன். கட்டுமாவடி கிட்ட வண்டி இழுக்கல. கார்புரேட்டர்ல 'டப் டப்'னு வெடி. பின்னாடி, அப்பா மாட்டின எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் 'டிக்டிக்டிக்'னு தந்தி அடிக்குது.

பொட்டி தட்டுற புத்தி! ரெண்டு சத்தம், அதனால ரெண்டு பக்குன்னு முடிவு பண்ணிட்டேன். பிளக்கைத் துடைச்சேன், பாயிண்ட்டைத் தேய்ச்சேன், டைமிங்கைத் திருப்பினேன். இருந்ததும் போச்சு. "2014லயே கம்பெனி நிறுத்தின வண்டி, வித்துடுடா"ன்னு அம்மா சொல்றது சரிதானோன்னு தோணிடுச்சு.

படகு இஞ்சின் பார்க்குற அண்ணன் ஒருத்தர் வந்து, பம்ப் சத்தத்தை மட்டும் கேட்டார். "தம்பி, காத்து இழுக்குது." டேங்க்கிலிருந்து பம்புக்கு வர்ற ரப்பர் ட்யூபை வளைச்சார். பூரா வெடிப்பு!

உறிஞ்சுற பக்கம் ஓட்டைன்னா, பம்ப் ஓடும்போது பெட்ரோல் சொட்டாது, காத்துதான் உள்ளே போகும். பெட்ரோல் பத்தாம பம்ப் வேகமா அடிச்சுக்கும். இஞ்சினுக்குப் போற கலவையும் பெட்ரோல் குறைஞ்சு மெதுவா எரியும்; இன்டேக் வால்வு திறக்கிறப்பவும் நெருப்பு மிச்சமிருந்தா கார்புரேட்டர் வழியா வெடிக்கும். ஆக, பக் ஒண்ணுதான்.

பழைய வண்டி வச்சிருக்கறவங்க ட்யூபைப் பாருங்க. இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது.

ட்யூப் மாத்த அஞ்சு நிமிஷம். நான் கெடுத்த டைமிங்கைச் சரிபண்ண அண்ணனுக்கு அரைமணி நேரம் :-)

வண்டியை விக்கல.