முகம் தெரியணும்

உறவுக்காரர்கள் வீட்டில் விசேஷம் என்றால், பத்திரிகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் வந்துவிடும். "நீ லைட்டிங்லதானே இருக்கே? சீரியல் செட் போடற ஆள் சல்லிசா யாராவது இருந்தா சொல்லேன்." நானும் தெரிந்த நம்பரைத் தருவேன். என் வேலை அனிமேஷன் படங்களுக்கு ஒளி அமைப்பது என்று விளக்கிப் பார்த்ததும் உண்டு. "அதெல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடுமே" என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு ஷாட் என் மேசைக்கு வரும்போது மற்றவர்கள் வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். கதையில் வரும் பாட்டிக்கு உருவம் கொடுத்தாயிற்று, புடவைக்கு நிறம் கொடுத்தாயிற்று, நடக்கவும் வைத்தாயிற்று. ஆனால் ரெண்டர் கொடுத்தால், அதாவது காட்சியைப் படமாகக் கணக்கிடச் சொன்னால், கட்டம் முழுக்கக் கருப்புதான் வரும். கணினிக்குள் சூரியன் கிடையாது. நாம் ஒரு விளக்கை வைக்கிறவரை அங்கே எதுவும் இல்லை.

1995-இல் 'டாய் ஸ்டோரி' வந்த காலத்தில், வைத்த விளக்கின் ஒளி பட்ட இடத்தோடு நின்றுவிடும். சிவப்புச் சுவரில் வெயில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் கன்னத்திலும் கொஞ்சம் சிவப்பு ஏறுமே, அது தானாக வராது. அந்தக் கன்னத்துக்கென்று ஒரு குட்டி விளக்கைக் கையால் வைக்க வேண்டும். ஒளி எப்படிப் பட்டுத் தெறித்து அடுத்த பொருளுக்குப் போகிறது என்பதை ஒரே சமன்பாட்டில் ஜேம்ஸ் கஜியா 1986-லேயே எழுதிவிட்டார். ஆனால் அதை ஒரு முழுப் படத்துக்குக் கணக்கிட அன்றைய கணினிகளுக்குத் திராணி இல்லை. 2006-இல் 'மான்ஸ்டர் ஹவுஸ்' அந்த வழியில் வந்தது. பிக்ஸார் 2013-இல் 'மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி'யில் அந்தப் பக்கம் திரும்பியது. இன்று பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளும் கல்லூரிப் பையனின் லேப்டாப்பிலும் சிவப்புச் சுவர் கன்னத்தில் சிவப்பைத் தெளிக்கிறது. உறவுக்காரர்கள் சொல்லும் பாதி இதுதான். சரியான வெளிச்சம் இப்போது காசில்லாமல் கிடைக்கிறது.

ஆனால் சரியான வெளிச்சத்தில் முகம் தெரியும் என்று எந்தச் சமன்பாடும் உத்தரவாதம் தரவில்லை.

ஒரு ஷாட்டைச் சொல்கிறேன். காலை நேரத்து அடுக்களை. பாட்டி தரையில் அரிவாள்மனை போட்டுக் காய் நறுக்குகிறாள். முதுகுக்குப் பின்னால் கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. பாட்டி மாநிறத்தையும் தாண்டிய கருப்பு. இயற்கை விதிப்படி வெளியே சூரியனை வைத்தேன். கதவு வெளுத்துப் போனது, பாட்டி நிழலுருவமாகிவிட்டாள். ரெவ்யூவிலிருந்து எதிர்பார்த்த கரெக்‌ஷன் வந்தது: "முகம் தெரியல. ப்ரைட் பண்ணுங்க."

சுலபமான வழி, கேமரா பக்கத்திலிருந்து ஒரு விளக்கை முகத்தில் அடிப்பது. உப்பு கூடின குழம்பில் தண்ணீரை ஊற்றுகிற மாதிரி வேலை அது. முகம் வெளுக்கும், சாம்பல் பூக்கும், சுருக்கங்கள் தட்டையாகும், அடுக்களையிலிருந்து காலைப் பொழுது கிளம்பிப் போய்விடும்.

தோல் விசித்திரமான பொருள். அதில் விழும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே நுழைந்து, அலைந்து, நிறத்தை வாங்கிக்கொண்டு வேறோர் இடத்தில் வெளியேறும். இதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் நடைமுறை வழியை ஹென்ரிக் வான் ஜென்சனும் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அனிமேஷன் முகங்கள் பிளாஸ்டிக் பொம்மைக் களையை விட்டன. கருந்தோலில் உள்ளே போகும் ஒளியின் பெரும்பகுதியை மெலனின் விழுங்கிவிடும். திரும்பி வருவது கொஞ்சம். ஆனால் மேற்பரப்பிலேயே தெறித்துவிடும் பளபளப்பு எல்லா நிறத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நேராகப் பார்த்தால், விழும் ஒளியில் 3 சதவீதத்துக்குப் பக்கம். வெளுத்த முகத்தில் இந்த 3 சதவீதத்தை யாரும் கவனிப்பதில்லை. கருத்த முகத்தில் கன்ன எலும்பையும் மூக்குத் தண்டையும் நெற்றி மேட்டையும் காட்டிக்கொடுப்பதே அதுதான்.

பளபளப்பு என்பது விளக்கின் பிரதிபலிப்பு. சின்ன விளக்கை வைத்தால் புள்ளியாக மின்னும். அகலமான விளக்கை வைத்தால் கன்னத்தின் வளைவு முழுவதும் மெல்லிய கோடாக ஓடும். பாட்டிக்குப் பக்கவாட்டில், ஜன்னல் இருக்கக்கூடிய இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு மங்கலான விளக்கை வைத்தேன். கதவைக் கொஞ்சம் அடக்கினேன். தலைக்குப் பின்னால் இருந்த சுவரையும் ஒரு படி இறக்கினேன். மறுநாள் ரெவ்யூவில் சூப்பர்வைசர் கேட்டார்: "இப்ப சரி. முகத்துல எவ்வளவு ஏத்துனீங்க?"

"முகத்துல பெருசா ஏத்தல சார். சுவரை எறக்குனேன்."

கண்ணுக்கு வேண்டியது அளவு அல்ல, வித்தியாசம். ஆயிரம் விளக்கு வைத்தாலும் பக்கத்தில் இருப்பதும் அதே அளவு பிரகாசித்தால் எதுவும் தெரியாது. இதை யாரும் மறுப்பதில்லை, ஆனாலும் "ப்ரைட் பண்ணுங்க" என்ற கரெக்‌ஷன் மட்டும் ஓயாது. அதற்குள் பழைய வழக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் ஃபோட்டோ லேப்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் இருந்தவர் வெள்ளைத் தோல் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம் சினிமாவோ பவுடரையும் விளக்கையும் சேர்த்தே அப்பி நாயகியை வெளுக்க வைத்தது. அந்த ஆசை எந்த மென்பொருளுக்குள்ளும் எழுதப்படவில்லை. அது பார்க்கிறவர்களின் கண்ணில் இருக்கிறது.

சனி, ஞாயிறுகளில் நண்பர்கள் கேமராவில் எடுக்கும் சின்னப் படங்களுக்கு விளக்கு வைக்கப் போவேன். அங்கே நிலைமை நேர் எதிர். கையில் இரண்டு எல்.இ.டி. பேனல், நாலு தெர்மாகோல், கொஞ்சம் கருப்புத் துணி. ஆனால் போகும் வீட்டில் வேண்டாத வெளிச்சம் கொட்டிக் கிடக்கும்: டியூப்லைட், பூஜை அறையின் சிவப்பு பல்பு, தெருவிளக்கின் மஞ்சள், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வரும் வெள்ளை. கோடம்பாக்கத்தில் காலம் தள்ளிய லைட்மேன் அண்ணன் ஒருவர் எங்களோடு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எதைப் போடணும்ங்கறது அப்புறம். மொதல்ல எதை அணைக்கணும்னு சொல்லுங்க."

பிஸ்தா பச்சை அடித்த ஒரு ஹாலில் படம் பிடித்தோம். கணினியில் மணிக்கணக்காகக் காத்திருந்து நான் வாங்கும் அதே தெறிப்பு, இங்கே கேட்காமலே வந்து கதாநாயகியின் தாடையைப் பச்சையாக்கியது. அண்ணன் கேமராவுக்குத் தெரியாத சுவரில் கருப்புத் துணியைத் தொங்கவிட்டார், பச்சை போயிற்று. மேக்கப் தம்பியிடம் பவுடரைத் துடைத்துவிட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். ஜன்னல் பக்கம் தெர்மாகோலைப் பிடித்ததும் அந்தப் பெண்ணின் கன்னத்தில் பாட்டிக்கு ஓடிய அதே கோடு ஓடியது.

இதெல்லாம் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. 'அபராஜிதோ' (1956) படத்துக்குக் காசி வீட்டைத் திறந்தவெளியில் அமைக்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். மழைக்குப் பயந்து கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்ட வேண்டியதாயிற்று. முற்றத்துக்கு மேலே வானம் இல்லை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து துணியில் அடித்து, தெறித்து இறங்கிய ஒளியில் படம் எடுத்தார். பார்த்தவர்கள் அசல் காசி என்று நம்பினார்கள். 'நாயகன்' (1987) படத்தில் பி.சி. ஸ்ரீராம் வேறொரு துணிச்சலைக் காட்டினார். மேலிருந்து ஒளியை இறக்கி, கண்குழிகளில் நிழல் தங்கினால் தங்கட்டும் என்று விட்டார். அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. முகம் தெரியவில்லை என்று யாரும் எழுந்து போகவில்லை. கதாநாயகன் வேலு நாயக்கரை நன்றாகவே தெரிந்தது.

என் தொழிலில் இன்னொரு கணக்கும் உண்டு. கணினி ஒளிக்கதிர்களைக் குத்துமதிப்பாக எய்துதான் படத்தைச் சேர்க்கிறது. குறைவாக எய்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 90 நிமிடப் படத்துக்கு 1,29,600 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் 10 நிமிடம் கூடுதலாக எடுத்தாலும் தயாரிப்பாளர் வாசலில் நிற்பார். ஆகவே இன்னொரு விளக்கைச் சேர்க்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன்னால் கரண்ட் பில்லைப் பார்க்கிற புத்தி எங்களுக்கு வந்துவிடுகிறது.

கணினிப் பண்ணை வைக்க வசதியில்லாத தனிப்படக்காரர்களுக்கு துல்லியத்தைவிடத் தெளிவுதான் முக்கியம் என்பதிலேதான் நம்பிக்கை இருக்கிறது. லாட்வியாவின் கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் 'ஃப்ளோ' (2024) படத்தை பிளெண்டரில், அதுவும் துல்லியத்தைவிட வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஈவீ ரெண்டரரில் முடித்தார். ஒளித்தெறிப்பில் அது துல்லியம் பார்க்காது, தோராயமாகப் போட்டு ஒப்பேற்றும். ஆனால் தண்ணீருக்கு நடுவே பூனை எங்கே நிற்கிறது, எதைப் பார்த்து மிரள்கிறது என்று ஒரு ஷாட்டிலும் குழப்பமில்லை. படத்தில் வசனமே கிடையாது. ஒளிதான் பாதிக் கதையைச் சொல்ல வேண்டும், சொல்லியது. 2025-இல் பெரிய ஸ்டுடியோக்களின் படங்களைத் தாண்டி ஆஸ்கரையும் வாங்கியது.

இவ்வளவும் செய்து முடித்த படத்தை ஜனங்கள் எங்கே பார்க்கிறார்கள்? மதியம் ஒரு மணிக்கு, ஓடுகிற பஸ்ஸில், ஜன்னலோரம், கீறல் விழுந்த போனில். நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நிழலெல்லாம் வெயிலில் கரைந்து போயிருக்கும். புலம்பிப் பிரயோஜனமில்லை. அதனால் இப்போதெல்லாம் ஷாட்டை ஒப்படைக்கும் முன் போனில் ஏற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். உச்சி வெயிலில் நின்று பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள், யாரை நான் பார்க்க வேண்டும் என்று சட்டென்று புரிகிறதா? புரிந்தால் கீழே வந்து அனுப்பிவிடுவேன். புரியாவிட்டால், எந்த விளக்கை அணைக்கலாம் என்று தேடத் தொடங்குவேன்.